பள்ளத்து வீட்டுப் பனி

மாலினியின் பாவற்காயைப் பற்றி யாராவது ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டால் போதும், பாலாம்பிகைக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். ஊரார் சொன்னால்கூடப் பரவாயில்லை. சொல்வது யார்? அவளுடைய சொந்தத் தம்பி இராஜேந்திரன். தாய் செத்தபோது ஆறு வயதுப் பிள்ளையாக நின்றவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடம் அனுப்பி, பின்னாளில் ஜெர்மனிக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து லண்டனுக்கும் கூட்டிக்கொண்டு வந்து ஆளாக்கியவள் இந்தப் பாலாம்பிகை. அவனுக்குப் பெண் பார்த்தவளும் இவள்தான். வந்த படங்களுக்குள்ளே மாலினியின் படத்தை எடுத்து, "இது அடக்கமான பிள்ளை மாதிரிக் கிடக்குது" என்று நீட்டியதும் இவளுடைய கைதான். அந்தக் கையை இப்போது எந்தச் சுவரில் கொண்டுபோய் இடிப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் இராஜேந்திரன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவான். கலியாணத்துக்கு முன்பு சோற்றுக் கோப்பையை வழித்து நக்கிவிட்டு, "அக்கா, உங்கடை கைக்கு ஒருத்தரும் கிட்ட நிக்க ஏலாது" என்பான். அதைக் கேட்கத்தான் அவள் சனிக்கிழமையே ஆட்டிறைச்சி வெட்டி வைப்பாள். கலியாணத்துக்குப் பிறகும் வந்தான், ஆனால் மாலினியோடு வந்தான், மாலினியின் கையில் ஒரு பை இருந்தது, பைக்குள் பாவற்காய் இருந்தது. பச்சைப் பசேலென்று, முள்ளு முள்ளாக, காம்பில் ஈரம் காயாமல்.

"அக்கா, இவளின்ரை கையைப் பாருங்கோ. கைராசி எண்டால் இதுதான் கைராசி!"

அந்தச் சொல்தான் பாலாம்பிகைக்குள் போய் முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் மாலினிக்குத் தோட்டமே கிடையாது. லண்டன் நடுவே வோக்ஸ்ஹால் பக்கத்தில் கவுன்சில் அடுக்குமாடியொன்றில் நாலாம் தட்டு. பல்கனியில் ஒருவர் நின்றால் மற்றவர் உள்ளே போகவேண்டும். அதற்குள் நாலைந்து சட்டி வைத்து, கம்பியில் கொடியை ஏற்றி, ஆடி பிறக்க முதலே பிஞ்சு பிடிக்க வைத்துவிடுவாள். பாலாம்பிகைக்கோ குறோய்டனுக்கும் தெற்கே, இரண்டு குன்றுகளுக்கு நடுப்பள்ளத்தில் வீடு. பின்வளவு மட்டும் கோயில் வீதி அளவு நீளம். அந்த வளவுக்காகத்தான் தமிழ்ச் சனம் கூடியிருக்கும் மோர்டன், டூட்டிங் எல்லாம் வேண்டாமென்று ஒதுக்கி இவ்வளவு தூரம் வந்து வீடு வாங்கினாள். அவ்வளவு நிலத்திலும் ஒரு பாவற்காய், கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒரேயொரு பாவற்காய் காய்த்திருக்குமா? இல்லை.

விதை ஒன்றுதான், மாலினி கொடுத்த விதை. நாளும் ஒன்றுதான். இரண்டு பேரும் பஞ்சாங்கம் பார்த்து, சித்திரை வருசப் பிறப்பை ஒட்டி வரும் நல்ல நேரத்தில் கன்றை வெளியே வைப்பார்கள். பாலாம்பிகை மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, கிழக்கே பார்த்துத்தான் நடுவாள். கன்றும் ஒரு மாதம் நல்லபடி நிற்கும். பிறகு மே மாதத்தில் ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், யாரோ சுடுதண்ணி ஊற்றியதுபோலக் கறுத்துத் துவண்டு கிடக்கும். முதல் வருடம் அப்படி. அடுத்த வருடமும் அப்படி.

"அக்காவுக்குச் சமையல் கைராசி, மாலினிக்குத் தோட்டக் கைராசி" என்று இராஜேந்திரன் நியாயம் பிரித்துக் கொடுத்தான். அடுத்த வருடம் அந்தச் சமையல் பங்கும் மெல்ல நழுவியது. "மாலினியின்ரை பாவற்காய்ப் பொரியல் சாப்பிட்டால் இறைச்சி தேவையில்லை அக்கா" என்றான் ஒருநாள், பாலாம்பிகையின் இறைச்சிக் கறியை முன்னால் வைத்துக்கொண்டே. அவளுக்கு அந்தச் சட்டியைத் தூக்கிக் குப்பையில் கொட்டவேண்டும்போல் இருந்தது.

மாலினி விதையை அவித்துத் தருகிறாளோ என்றுகூட யோசித்தாள். கடையில் விதை வாங்கி நட்டுப் பார்த்தாள். அதுவும் கறுத்தது. அப்படியென்றால் கண்ணூறுதான் என்று முடிவு கட்டி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வளவைச் சுற்றிக்கொண்டு வந்து அடுப்பில் போட்டாள். ஸ்மோக் அலாம் கத்தியதுதான் மிச்சம். புருசன் தவராசா கதிரையில் ஏறி நின்று துவாயால் அதை விசுக்கிக்கொண்டே, "இஞ்சரும், ஒரு பாவற்காய்க்கு வீட்டைக் கொளுத்தப் போறீரோ?" என்று கேட்டார். பாவற்காய் பாவற்காயாக மட்டுமா இருந்தது? அது அந்த மனுசனுக்கு எங்கே விளங்கப்போகிறது!

விசயம் அவளுக்கே ஒருநாள் காலையில் பிடிபட்டது. மே மாதம் பாதி கடந்திருந்தது. பள்ளிக்கூடக் கன்டீன் வேலைக்குப் போக பஸ் எடுப்பதென்றால் மேட்டில் ஏறவேண்டும். வாசலில் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல வெள்ளை. தெருவில் நின்ற கார்களின் கண்ணாடியும் வெள்ளை. தெருவோரத் தபால்பெட்டி வரைக்கும் ஏறினாள், அவ்வளவு தூரமும் வெள்ளை. தபால்பெட்டியைத் தாண்டினால் பச்சை. நூல் பிடித்துக் கோடு கிழித்த மாதிரி, அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு பொட்டுப் பனி இல்லை. மேட்டு வீட்டுக்காரனின் போஞ்சிக் கொடி சுகமாக ஆடிக்கொண்டு நின்றது. அவள் திரும்பிக் கீழே பார்த்தாள். தன் வீடு, தன் கூரை, தன் வளவு, எல்லாம் அந்த வெள்ளைக்குள்ளே கோப்பையில் ஊற்றிய பால்போலக் கிடந்தன.

பஸ்ஸில் இருந்தபடியே மாலினிக்கு போன் அடித்தாள். "உங்கை இண்டைக்குப் பனி கொட்டினதோ?"

"பனியோ? இஞ்சை அது மார்ச்சோடை போச்சுது மச்சாள். ஏன், அங்கை குளிரோ?"

"இல்லை, சும்மா கேட்டன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க சட்டி கழுவிக்கொண்டே அதைத்தான் யோசித்தாள். வெறும் வானமாக இருக்கும் இரவுகளில் குளிர் மேட்டிலிருந்து தண்ணீர்போல வழிந்து இறங்குகிறது. இறங்கி எங்கே தேங்கும்? பள்ளத்தில், அவளுடைய வளவில்தான். அங்கே வோக்ஸ்ஹாலிலோ கல்லும் தாரும் பகல் வெயிலைக் குடித்துவைத்து இரவெல்லாம் கக்குகின்றன. கீழே ரெயில், பக்கத்திலே பஸ், மூன்று தட்டுக் குசினி அடுப்புகளின் சூடு மாலினியின் பல்கனிக்கு அடியில். பேர் என்னவோ ஒரே லண்டன்தான். ஆனால் அங்கே மார்ச்சில் போகும் உறைபனி மார்கழி வரைக்கும் திரும்பி எட்டிப் பார்ப்பதில்லை. இங்கே ஜூன் பிறந்தால்தான் போகிறது, புரட்டாதி முடிய முதல் வந்து வாசலில் நிற்கிறது. பனியில்லாத காலம் மாலினிக்கு வருடத்தில் முக்கால்வாசி, பாலாம்பிகைக்கு மூன்றிலொரு பங்கு. பஞ்சாங்கம் எழுதினவருக்கு இந்தப் பள்ளத்தைத் தெரியவா போகிறது?

ஆகக் கைராசியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை! அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த ஞாயிறே தம்பியிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். கோட்டைச் சொன்னாள், தபால்பெட்டியைச் சொன்னாள், தண்ணீர்போல இறங்கும் குளிரைச் சொன்னாள்.

இராஜேந்திரன் வாயில் சோற்றோடு சிரித்தான். "அக்கா, லண்டன் முழுக்க ஒரே குளிர்தானே. கொடி வரேல்லையெண்டால் வரேல்லையெண்டு விடுங்கோவன். அதுக்கு ஏன் இவ்வளவு சாட்டு?"

சாட்டு! அவள் சாக்குச் சொல்கிறாளாம்! பாலாம்பிகைக்குக் காது இரண்டும் சூடேறியது. மாலினி பாவம், "அப்பிடியும் இருக்கலாம்தானே" என்று எடுத்துப் பேசினாள். அவள் தனக்காகப் பரிந்து பேசியது பாலாம்பிகைக்கு அதைவிடப் பெரிய எரிச்சல். அதற்குப் பிறகு பாலாம்பிகை அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. எடுத்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திராது.

அடுத்த கார்த்திகையில் இராஜேந்திரனும் மாலினியும் வீடு பார்க்கத் தொடங்கினார்கள். பிள்ளை தாரகா நடக்கத் தொடங்கிவிட்டாள், ஓடித் திரிய வளவு வேண்டும். அக்கா இருக்கும் தெருவிலேயே இரண்டு வீடுகள் விற்பனைக்கு வந்திருந்தன. ஒன்று மேட்டில், தபால்பெட்டிக்கும் மேலே. மற்றது பள்ளத்தில், பாலாம்பிகையின் வேலியோடு ஒட்டிய வீடு. இரண்டையும் பார்த்துவிட்டு வந்து மாலினி அவளுடைய குசினியில் நின்றாள். கண்ணெல்லாம் கனவு.

"மச்சாள், சட்டியிலையே இவ்வளவு காய்ச்சதெண்டால் நிலத்திலை எப்பிடிக் காய்க்கும்! எனக்கு ரெண்டும் பிடிச்சிருக்குது. எதை எடுக்கிறதெண்டு நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் எடுப்பம்."

பாலாம்பிகை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மேட்டு வீட்டைச் சொல்லலாம். ஒரு சொல்தான். சொன்னால் என்ன நடக்கும்? மேட்டில் பந்தல் போட்டு, பந்தல் முழுக்கக் காய் தொங்க, தம்பி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவான். பாருங்கோ அக்கா, இதுதான் கைராசி என்பான். கடைசி மூச்சு வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டு கிடக்கவேண்டும்.

"பக்கத்து வீட்டை எடும்" என்றாள். "ஒண்டுக்கொண்டு உதவி. உமக்கு ஏலாத நேரம் நான் பிள்ளையைப் பார்ப்பன். தம்பியும் எனக்குக் கிட்ட இருப்பான்."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிறகு பெரிய ஆறுதலாக இருந்தது. இராஜேந்திரன் கேட்டுக் கண்கலங்கிவிட்டான். "அக்கா எங்களைப் பக்கத்திலை வைச்சிருக்க ஆசைப்படுறா" என்று தவராசாவிடம் சொன்னான். தவராசா மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "நல்லது, நல்லது" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

தை மாதம் பக்கத்து வீட்டில் பால் காய்ச்சினார்கள். சித்திரை பிறந்ததும் மாலினி நல்ல நேரம் பார்த்தாள். பல்கனிச் சட்டிகளில் வருடா வருடம் பொறுக்கி வைத்த விதை அவ்வளவையும் முளைக்கப் போட்டிருந்தாள். இராஜேந்திரன் ஒரு கிழமை லீவு போட்டு மண் கொத்தி, தடி நட்டுப் பந்தல் கட்டினான். பாவல், புடோல், பயற்றை என்று கன்றுகள் வரிசையாக நின்றன. "முதல் கன்றை நீங்கள் வையுங்கோ மச்சாள்" என்று மாலினி நீட்டினாள்.

பாலாம்பிகை குனிந்து வைத்தாள். கையால் மண்ணை அணைத்தும் விட்டாள். அந்த நேரத்தில்கூட வாய் திறந்திருக்கலாம். "உங்கடை கன்று எங்கை அக்கா?" என்று தம்பி கேட்டபோது, "நான் காலமையே வைச்சிட்டன், ஷெட்டுக்குப் பின்னாலை" என்று மட்டும் சொன்னாள். ஷெட்டுக்குப் பின்னால் வெறும் மண் கிடந்தது. அவளுடைய கன்றுகள் மேல்மாடிச் சாமியறை யன்னலில், பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில், ஹீட்டர் சூட்டில் கொழுகொழுவென்று நின்றன. ஜூனில் அவற்றை இறக்கி நடுவாள். மாலினியின் பந்தல் வெறும் தடியாக நிற்க, இவளுடைய பந்தலில் காய் தொங்கும். தம்பி வந்து பார்ப்பான். ஒரே ஒருதரம், ஒரே ஒரு வருடம், மாலினியின் கையைவிட அக்காவின் கை குறைந்ததில்லையென்று அவன் வாயால் வரவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மே மாதம் வந்தது. ஒரு பின்னேரம் டிவியில் காலநிலை சொன்ன பெண், பள்ளத்தாக்குகளில் புல்லில் உறைபனி படியலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். பாலாம்பிகை பின்கதவைத் திறந்தாள். ஒரு முகில் இல்லை, ஒரு காற்று இல்லை. வேலிக்கு அப்பால் மாலினி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கொடிகள் முதல் கம்பியைப் பிடித்துவிட்டிருந்தன.

"வானம் என்ன வடிவாக் கிடக்குது, பார்த்தியளே மச்சாள்!"

நாலு பழைய போர்வை எடுத்து மூடச் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஓம், வடிவுதான்" என்று கதவைச் சாத்தினாள்.

விடிய அவள் சாமியறையில் விளக்கேற்றிக்கொண்டு நின்றபோது கீழே முன்கதவு திறந்தது. வீட்டுச் சாவி ஒன்று தம்பி வீட்டிலும் இருந்தது. "மச்சாள்! மச்சாள்!" என்று அழுதுகொண்டே படியேறிய மாலினி, மறிக்க முதல் அறைக்குள் வந்துவிட்டாள். "எல்லாம் கறுத்துப்..." என்றவள் அப்படியே நின்றாள். யன்னலில் பாவற்கன்றுகள் வெயிலில் பளபளத்தன. மாலினி கன்றுகளைப் பார்த்தாள். பிறகு பாலாம்பிகையைப் பார்த்தாள். தபால்பெட்டிக் கோட்டுக் கதையை அவளும் கேட்டவள்தானே. ஒன்றும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை.

கீழே இராஜேந்திரனின் குரல் கேட்டது. "அக்கா, உங்கடையும் போச்சுதோ?"

பாலாம்பிகை யன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள். இனி அவன் மேலே வருவான், பார்ப்பான். முப்பது வருடம் அம்மா என்ற இடத்தில் வைத்துப் பார்த்த கண் இனி எப்படிப் பார்க்கும்?

மாலினி படித்தலைப்புக்குப் போனாள். "ஓம்! மச்சாளின்ரையும் ஒண்டும் மிஞ்சேல்லை" என்று கீழே பார்த்துச் சொன்னாள்.

"ஐயோ, பாவம் அக்கா. நான் வேலையாலை திரும்பி வந்து அந்தப் பாத்தியையும் கொத்தித் தாறன் எண்டு சொல்லும்." கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாலினி திரும்பி வந்தாள். அழுகை நின்றிருந்தது. "உங்களுக்காகச் சொல்லேல்லை" என்றாள். "அவர் ஒருக்கா அம்மாவைப் பறிகுடுத்தவர். இன்னொருக்கா ஏலாது அவருக்கு." யன்னல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "பின்னேரம் வருவார்." அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டாள். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் பாலாம்பிகை திருப்பி ஏசியிருப்பாள். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. பனி எல்லாம் கரைந்துவிட்டது. பின்னேரம் வருபவனுக்குக் காட்ட, செத்த கன்று வேண்டும். சும்மா பிடுங்கி வெயிலில் போட்டால் வாடுமே தவிர அந்தக் கறுப்பு வராது. அவன் இன்று காலைதான் அந்தக் கறுப்பைப் பார்த்தவன். பாலாம்பிகை ஐஸ்கிரீம் டப்பாக்களை இரண்டிரண்டாகக் கீழே இறக்கினாள். கராஜுக்குள் இருந்த பெரிய பிரீசரைத் திறந்தாள். கணவாய்ப் பையை ஒருபக்கம் ஒதுக்கினாள், ஆட்டுக்காலை மறுபக்கம் தள்ளினாள், துருவிய தேங்காய்ப்பூப் பொதியின் மேலே கன்றுகளைப் படுக்க வைத்தாள். ஒரு கொடியில் மொட்டு விட்டிருந்தது. மூடியை அழுத்திச் சாத்திவிட்டு அதன் மேலேயே குந்தினாள். மோட்டார் உறுமியது. லண்டனிலே இப்படித் தன் கையாலே பனி கொட்ட வைத்த பொம்பிளை வேறு யாராவது இருப்பாளோ என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள்.

பின்னேரம் இராஜேந்திரன் மண்வெட்டியோடு ஷெட்டுக்குப் பின்னால் வந்தான். பாத்தியில் பாவற்கன்றுகள் அவிந்த கீரைபோலக் கறுத்துக் கிடந்தன. அவன் குந்தியிருந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தான்.

"நீங்கள் அண்டைக்குப் பனி எண்டு சொன்னது சரிதான் அக்கா. நான்தான் சாட்டெண்டு சிரிச்சன். மாலினியின்ரை கையாலேயே ஏலாமல் போச்சுதே!"

மூன்று வருடமாக எந்தச் சொல்லுக்காக அவள் வெந்தாளோ, அந்தச் சொல் வந்துவிட்டது. பாலாம்பிகைக்கு அது காதில் விழுந்தது, அவ்வளவுதான். கண்ணீர் கொட்டியது. "அழாதேங்கோ அக்கா, ஒரு பாவற்காய்க்கு இப்பிடியே?" என்று தம்பி மண்ணான கையால் அவள் தோளை அணைத்தான்.

மாலினி மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். தட்டை வைக்கக் குனிந்தபோது, செத்த இலையொன்றில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருப்பதைக் கண்டாள். ஒரு கீற்றுத் தேங்காய்ப்பூ. இராஜேந்திரன் மண்வெட்டியை எடுக்கத் திரும்பியிருந்தான். மாலினி அதை விரல் நுனியால் எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"குடியுங்கோ மச்சாள், ஆறப்போகுது" என்றாள்.

பாலாம்பிகை வாங்கிக் குடித்தாள். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி, சீனி அளவாக, நல்லாய்த்தான் இருந்தது. அந்த நிலையிலும் அவளுக்கு அது பொறுக்கவில்லை.